டிரைவர் முகத்தைப் பார்க்கும் இரட்டைக் கேமரா: லாரிக் கம்பெனிகள் வாங்கலாமா?

கையளவுப் பெட்டிதான். ஒரு லென்ஸ் சாலையைப் பார்க்கும், மற்றொன்று டிரைவரின் முகத்தைப் பார்க்கும். உள்ளே அகச்சிவப்பு விளக்கு, அதிர்வை அளக்கும் சென்சார், ஜிபிஎஸ், ஒரு சிம். கண் மூடினாலும், போனை எடுத்தாலும், பெல்ட் போடாவிட்டாலும், முன்னால் போகும் வண்டியை மிக நெருங்கினாலும் கத்தும். கத்திய நேரத்துக் காட்சியை ஆபீசுக்கு அனுப்பும். பல பெயரில் விற்றாலும் அடிப்படை வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஒரு மாடலை மட்டும் எடுக்காமல் இந்த வகைச் சாதனத்தையே இங்கே எடைபோடுகிறோம். வாங்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அந்தக் காட்சியை யார் பார்ப்பார், பார்த்தபின் என்ன செய்வார் என்பதை எழுதி வைத்துவிட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பெட்டி உருப்படியாகச் செய்யும் முதல் வேலை கண்ணைக் கவனிப்பது. சாதாரணமாகக் கண் சிமிட்ட அரை நொடிகூட ஆகாது. ஒரு நிமிடத்தில் இமை கண்மணியை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்கிடுவதை பெர்க்ளோஸ் அளவு என்பார்கள். அது கூடக்கூடத் தூக்கம் நெருங்குகிறது என்று பொருள். 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். இரண்டு நொடி கண் அசந்தால் 44 மீட்டர், பிரேக்கில் கால் படாமலே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புது லாரிகளிலும் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம். ஆனால் அதை ஸ்டியரிங் அசைவை வைத்தும் கணிக்கலாம். கண்ணை நேராகப் பார்க்கும் கேமராவே எங்களுக்கு நம்பகமாகத் தெரிகிறது.

பெட்டி தவறாகக் கத்தும் இடங்களும் இங்கேதான். முன்கண்ணாடியின் உச்சியில் மாட்டினால் லென்ஸ் மேலிருந்து கீழே பார்க்கும். டிரைவர் மீட்டரையோ கீழ்க் கண்ணாடியையோ பார்க்கும்போது இமை தாழ்வதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளும். தொப்பியின் விளிம்பு கண்ணை மறைத்துவிடும். இயல்பிலேயே சிறிய கண் உள்ளவர்களுக்கு நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும். முகம் பார்க்கும் லென்ஸ் தனியாகப் பிரிந்து வரும் மாடலை வாங்கி, ஸ்டியரிங்குக்குச் சற்று ஓரமாக, டேஷ்போர்டு உயரத்தில் பொருத்தினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். டிரைவர் அணியும் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பெரும்பாலும் அகச்சிவப்பை உள்ளே விடும், கண் தெரியும். ஆடிபோல மின்னும் பூச்சு உள்ள கண்ணாடி பல நேரம் தடுத்துவிடும். விளக்கின் அலைநீளத்தையும் கேளுங்கள்: 850 நானோமீட்டர் என்றால் இரவில் மங்கலான சிவப்புப் புள்ளி கண்ணை உறுத்தும், 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது.

சாலை லென்ஸ் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் முதல் மழையிலேயே குருடாகிவிடும். பொருத்தியவர் கேமராவின் உயரத்தை டேப் வைத்து அளந்தாரா என்று கட்டாயம் பாருங்கள். ஒற்றைக் கேமரா, முன் வண்டியின் டயர் சாலையைத் தொடும் புள்ளி அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கும் லென்ஸை 2 மீட்டர் என்று பதிந்தால், 50 மீட்டர் முன்னால் போகும் வண்டி 45 மீட்டரில் இருப்பதாகச் சொல்லும். ஒழுங்காக இடைவெளி விட்டு ஓட்டுகிறவர்மீது நெருக்கி ஓட்டியதாகப் பதிவு விழும். முன்கண்ணாடி மாற்றினாலும் கேமராவைக் கழற்றி ஒட்டினாலும் மறுபடி அளந்து பதிய வேண்டும்.

வயரிங்கில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று. கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். 12 வோல்ட் பெட்டியை வாங்கிவிட்டு, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்று குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, சீக்கிரமே இரண்டும் கெடும். 24 வோல்ட்டை நேராக ஏற்கும் பெட்டியே வேண்டும். நிரந்தர லைன், இக்னிஷன் லைன், எர்த் என மூன்று வயர். முதல் இரண்டுக்கும் மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பியூஸ். வண்டி நிற்கும்போது வோல்ட்டேஜ் இறங்கினால் தானாக அணையும் வசதியும் வேண்டும். நிற்கும் வண்டியில் 24.4 வோல்ட் என்றால் பேட்டரியில் பாதிதான் மிச்சம்.

மெமரி கார்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. சாலைக் காட்சிக்கு நொடிக்கு 4 மெகாபிட், உள் காட்சிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 2.7 ஜிபி. 128 ஜிபி கார்டு 47 மணி நேர ஓட்டத்தில் நிரம்பிப் பழையது அழியும். இடித்துவிட்டதாக ஒருவர் இரண்டு வாரம் கழித்துப் புகார் கொடுத்தால் காட்ட எதுவும் இருக்காது. அதனால் டிரைவரே ஒரு பட்டனை அழுத்தி அந்த நிமிடத்தைப் பூட்டி வைக்கும் வசதி இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம். எங்கள் கணக்கில் அந்தப் பட்டன்தான் டிரைவருக்கு இந்தப் பெட்டி தரும் முதல் மரியாதை. பெரிய வண்டிமேல் பழி போடுவது எளிது. யார் குறுக்கே புகுந்தார்கள் என்பதை அந்தக் காட்சி சொல்லிவிடும்.

அதிர்வு சென்சாரைக் காருக்கு வைக்கும் அளவில் விட்டுவிடாதீர்கள். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தை ஒன்றாக வைத்து அளக்கும் அலகு. லோடு லாரி 0.3 முதல் 0.35 ஜி வரை வேகம் குறைந்தாலே அது கடும் பிரேக். காருக்குரிய 0.45-ல் விட்டால் பல சம்பவங்கள் பதிவாகாது. ரொம்பக் குறைத்தால் ஒவ்வொரு வேகத்தடையும் குற்றமாகிவிடும். காலி வண்டி குதிக்கும், அதையும் நினைவில் வைக்க வேண்டும். அதோடு, கடும் பிரேக் என்பது எப்போதும் தப்பு ஆகாது. யாரோ குறுக்கே வந்ததால் பிரேக் போட்டு உயிரைக் காத்தவருக்கும், போனைப் பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் பிரேக் போட்டவருக்கும் சென்சார் ஒரே எண்ணைத்தான் காட்டும். காட்சியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து மார்க் போடும் ஆபீஸ், முதலாமவரை இழந்துவிடும்.

எச்சரிக்கைகளைக் குறைத்து வையுங்கள். கண், போன், பெல்ட், முன் இடைவெளி என்ற நான்கு போதும். குறுகலான சாலையில், லேனை விட்டு விலகுவதைச் சொல்லும் எச்சரிக்கை ஓயாமல் அடித்தால், மற்ற மணிகளும் காதில் ஏறாமல் போகும். முதல் இரண்டு வாரம் கேபினுக்குள் மட்டும் ஒலிக்கட்டும், ஆபீசுக்கு எதுவும் போக வேண்டாம். டிரைவருக்குப் பழகவும் தவறான மணிகளைச் சரிசெய்யவும் அந்த அவகாசம் வேண்டும்.

தூக்க மணி அடித்தபின் என்ன செய்வது? இதற்குக் கம்பெனியிடம் பதில் இல்லையென்றால் கேமரா வீண். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைப் போக்காது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15–20 நிமிடம் தூங்க வேண்டும். படுக்கும் முன் காபி குடித்தால் எழும் நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கும். எழுந்ததும் தலை தெளியச் சில நிமிடம் விட்டு வண்டியை எடுக்கலாம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கத்துக்காக நிறுத்தியதால் ஆன தாமதத்துக்கு டிரைவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள், லோடு அனுப்புகிறவர் கையெழுத்தோடு. ஒரே ஓட்டத்தில் போகும் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கிறதென்றால், கோளாறு அவர்களிடம் இல்லை. நேர அட்டவணையில் இருக்கிறது. பெரும்பாலும் லோடு ஏற்றும் இடத்துக் காத்திருப்பு அவர்கள் ஓய்வைத் தின்றிருக்கும். அந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு சரக்குக்காரரிடம் பேசப் போக வேண்டியது கம்பெனிதான்.

பாராட்டுத் திட்டத்தோடு கேமராவை இணைக்கலாம், நிதானமாகச் செய்தால். மலைப்பாதையில் ஓட்டுகிறவரையும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவரையும் ஒரே பட்டியலில் நிறுத்தாதீர்கள். ஒரே வகை ஓட்டத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். விபத்தே இல்லை என்பதற்குப் பரிசு வைத்தால் சின்னச் சின்ன உரசல்கள் மறைக்கப்படும். சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கு ஊக்கத்தொகை இன்னும் மோசம்: பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் தூரத்துக்கோ வேகத்துக்கோ போனஸ் தருவதை, ஓட்டும் நேரம், ஓய்வு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி நேரடியாகத் தடுக்கிறது. புறப்படுமுன் டயரில் வெட்டைக் கண்டு சொன்னவர், உடம்பு சரியில்லை என்று வண்டியை எடுக்க மறுத்தவர், குறுக்கே வந்தவரை இடிக்காமல் காத்தவர் ஆகியோரைப் பாராட்டுங்கள். இன்ன நாள், இன்ன இடம், நீங்கள் செய்தது இது என்று போனில் நேராகச் சொல்லுங்கள். சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வு, வீட்டுப் பக்கம் போகும் டிரிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, தேய்ந்த சீட்டை மாற்றித் தருவது, இவை பெயர் அச்சிட்ட கோப்பையைவிட நெடுநாள் உதவும்.

கேபின் டிரைவர் படுத்து எழும் இடமும்கூட. இக்னிஷன் அணைந்ததும் உள் லென்ஸ் நின்றுவிட வேண்டும், மேலே இழுத்து மூடும் மூடி இருக்க வேண்டும், ஒலிப்பதிவை முழுதாக அணைக்க முடிய வேண்டும். விற்பவரிடம் இந்த மூன்றையும் வண்டியிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். பதிவாவதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்துவிட்டது என்பதை மட்டும் சான்றாக ஏற்க வேண்டாம். கார்டை எடுத்து, அணைத்த நேரத்துக்குப் பிந்தைய உள் காட்சி ஏதாவது இருக்கிறதா என்று டிரைவர் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள்.