லெபனான் உணவகத்தில் விட்ட பத்தாயிரம்: சேலத்துக்காரர்களே, முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

பத்தாயிரம் ரூபாய் போச்சு. நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பாதியில் விட்டுப் போகிறவர்கள் இதையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு சின்ன லெபனான் உணவகம். குடும்ப விருந்துக்கு முன்பணமாக ரூ.10,000 கொடுத்தேன். சொன்ன சாப்பாடும் வரவில்லை, பில்லில் அந்தப் பணத்தைக் கழிக்கவும் இல்லை. திருப்பிக் கேட்டால் "அது எங்க கணக்குக்கே வரலீங்களே" என்கிறார்கள். நேற்று சாயங்காலமும் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன், அவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

கடையின் பெயரைப் போடவில்லை. மெயின் ரோட்டுப் பெரிய கடை இல்லை, வீடுகளுக்கு நடுவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைக் கடையாக்கியிருக்கிறார்கள். ஏழெட்டு மேசை, வாசலில் ஷவர்மா கம்பி, உள்ளே சுவரில் லெபனான் கொடியில் இருக்கிற அதே தேவதாரு மரம். ஷவர்மா போடும் கடை நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இங்கே ஹம்மஸ், முத்தபல், ஃபத்தூஷ், கிப்பே என்று மெனு அட்டையே வேறு மாதிரி இருக்கும். மெக்டொனால்டுக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் சேலத்தில் இப்படி ஒன்று வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்களிடம் இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போன புதிதில் ஹம்மஸ் நன்றாகவே இருந்தது, அதில் பொய் சொல்லக் கூடாது. கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்துக் குழைய வேகவிட்டு, எள் விழுதும் எலுமிச்சையும் பூண்டும் சேர்த்து வெண்ணெயாக அரைத்திருந்தார்கள். நடுவில் குழி பண்ணி ஆலிவ் எண்ணெய். உரிமையாளர் என்று சொல்லிக்கொண்ட ஆள் மேசைக்கே வந்து நிற்பார். "அக்கா, இதையும் ஒரு வாய் பாருங்க" என்று பீட்ரூட் சாயம் ஏறிய டர்னிப் ஊறுகாய் ஒரு கிண்ணம், ஒருநாள் சூடாகக் குனாஃபா என்ற இனிப்பு ஒரு துண்டு. பில்லில் ஏற்ற மாட்டார். கேட்டால், "உங்ககிட்ட கணக்குப் பாக்கறதுங்களா? நீங்க நம்ம கடை ஆளுங்க" என்பார். அந்த ஓசிக் கிண்ணங்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் பின்னால் ரூ.10,000 வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அம்மாவுக்கும் அறுபது வயது. ஓமலூரிலிருந்து பெரியம்மா வீடு, ஆத்தூரிலிருந்து தம்பியின் மாமனார் மாமியார், எல்லாருமாகப் பன்னிரண்டு பேர். அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று போய்ப் பேசினேன். ஊஸி செய்து தருவதாக அவர்தான் ஆரம்பித்தார். முழுத் தொடை ஆட்டுக்கறியை மணிக்கணக்கில் அடுப்பில் வேகவிட்டு, எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும் பதத்தில், பட்டை மணக்கிற சோற்றின் மேல் வைத்து, வறுத்த பாதாம் தூவிக் கொண்டுவருவது. "மேசைக்கு நடுவுல இறக்கினா அம்மா அசந்துருவாங்க பாருங்க" என்றார். முன்னால் ஆறேழு வகைச் சின்னத் தட்டுகள், கடைசியில் குனாஃபா. தலைக்கு ரூ.1,500, எல்லாம் சேர்த்து ரூ.18,000, வேறு ஒரு பைசா கிடையாது. கறியை முந்தின நாளே எடுக்க வேண்டும், அதனால் ரூ.10,000 முன்பணம். ஒரு நீள நோட்டில் தேதி, ஆள் கணக்கு, தொகை எல்லாம் என் கண் முன்னாலேயே எழுதினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான் போனை எடுத்து, கல்லாவில் நிற்க வைத்திருந்த க்யூஆர் அட்டைக்கு நேராகப் பிடிக்கிறேன். அவர் உள்ளங்கையை விரித்து அந்த அட்டையின் மேல் வைத்துவிட்டார். பிடுங்கவில்லை, தள்ளவில்லை, சும்மா வைத்தார், மோதிரம் போட்ட கை. "அக்கா, அது இன்னைக்கு லிமிட் ஆயிருச்சுங்க, ஏறாது. என் நம்பருக்குப் போட்டுருங்க, எல்லாம் ஒண்ணுதானுங்க." போட்டேன். திரையில் அவர் பெயர்தான் வந்தது, கடை பெயர் இல்லை. ரசீது கேட்டேன். "நோட்டுல ஏறிடுச்சுல்லங்க, அப்புறம் எதுக்குங்கக்கா ரசீது?" என்று சிரித்தார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அதே க்யூஆரில் பணம் கட்டிவிட்டுப் போனதை வெளியே செருப்பு மாட்டும்போது பார்த்தேன். லிமிட் தீர்ந்துவிட்டது போல.

விருந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரவு, கடை நிரம்பி வழிகிறது. மேசை சேர்த்துப் போட்டு வைத்திருக்கவில்லை. பெரியம்மாவை வாசலில் ஷவர்மா அனலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். கடைசியில் மூன்று மேசை, மூன்று மூலையில். ஒரு பையன் வந்து "ஆர்டர் சொல்லுங்க" என்றான். முன்னாலேயே சொல்லியாச்சு, ஊஸி என்றால், "அது நம்மகிட்ட இல்லைங்களே." அந்த உரிமையாளர் எங்கே? "அவரு இன்னைக்கு வரலீங்க." போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளேயிருந்து இன்னொருவர் வந்தார், தானும் பார்ட்னர் என்றார். ஊஸிக்குப் பதில் "அதே மாதிரி" ஒன்று தருவதாகச் சொன்னார். வயதானவர்களும் பசித்த பிள்ளைகளும் இருக்கும்போது அந்த நேரத்தில் வேறெங்கே போவது?

வந்தது மஞ்சள் சோறும் கோழிக்காலும். "இது மந்தி, ஏமன் நாட்டு ஐட்டம். லெபனானுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தம்பி கேட்டான். அவன் அங்கே வாரத்தில் இரண்டு நாள் லெபனான் கடையில் சாப்பிடுகிறவன். தபூலே என்றால் பார்ஸ்லிக் கீரைதான் சாலட்டே, அதில் உடைத்த கோதுமை பேருக்குக் கொஞ்சம். இங்கே வந்ததில் பாதி உப்புமா ரவை, மீதி கொத்தமல்லித்தழை. ஃபத்தூஷில் பொரித்த ரொட்டித் துண்டுக்குப் பதில் நேற்றைய சிப்ஸ். ஹம்மஸைத் தொட்டு நாக்கில் வைத்த அம்மா, நிதானமாக, "இது பொட்டுக்கடலைச் சட்னிடா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கான்" என்றார். உண்மையாகவே அதுதான். தேங்காய் மட்டும் போடவில்லை. எங்கள் அம்மா லெபனானைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, பொட்டுக்கடலையை அவரிடம் மறைக்க முடியுமா?

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம், அந்தப் பூண்டுச் சாந்து விஷயத்தை மன்னிக்க முடியாது. லெபனான்காரர்களின் தூம் என்பது பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய் மட்டும் போட்டு அடித்து நுரைக்கவைப்பது, முட்டை சேராது. இங்கே வந்தது வழுவழுவென்று இருந்தது. பையனைக் கேட்டேன். "மயோனைஸ்தாங்க, பூண்டு போட்டது." பச்சை முட்டையா? "தெரியலீங்க." பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடையே போட்டது. பக்கத்து நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததை இந்தப் பக்கத்தில் யாராவது மறந்திருப்போமா? கடை நடத்துகிறவருக்கு "தெரியலீங்க" என்பது ஒரு பதிலா? பிள்ளைகள் தட்டிலிருந்து அதை வழித்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம் பில். ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி விலை போட்டு ரூ.15,200. அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், ரூ.1,520. அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி. முன்பணம் என்ற பேச்சே இல்லை. சேவைக் கட்டணத்தைத் தம்பி விடவில்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதையும், டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது சரிதான் என்று சொன்னதையும் போனில் எடுத்துக் காட்டினான். முணுமுணுத்துக்கொண்டே அடித்தார்கள். 1,520 ரூபாயை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு 10,000 ரூபாய் மட்டும் கண்ணில் படவில்லை. நோட்டை எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். என் பெயர், தேதி, பன்னிரண்டு பேர், எல்லாம் இருக்கிறது. முன்பணம் எழுதிய இடத்தில் மட்டும் நீலப் பேனாவால் நாலைந்து முறை அழுத்திக் கிறுக்கியிருந்தது, தாளே கிழிகிற அளவுக்கு. "அதை யாருக்குப் போட்டீங்களோ அவருகிட்டத்தான் நீங்க கேக்கோணும்" என்றார் பார்ட்னர். சம்பந்தி வீட்டார் முன்னால் எவ்வளவு நேரம் நின்று கத்துவது? ரூ.15,960 கட்டிவிட்டு வந்தோம். வருகிற வழியில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். பெரியம்மா அன்றிரவு சாப்பிட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடக்கிற கூத்து. காலையில் கூப்பிட்டால் "தூங்கறாருங்க". மதியம் "நமாஸுக்குப் போயிருக்காரு", சாயங்காலம் "கோயிலுக்குப் போயிருக்காரு". இரண்டில் எது என்று அவர்களுக்குள் பேசி வைத்திருக்கலாம். ஒருநாள் அவரே எடுத்துவிட்டார், "அக்கா, ஏற்காட்டுல இருக்கேன், புதுக் கிளைக்கு இடம் பாக்கறேன், சிக்னல் இல்லைங்க, இறங்கினதும் போட்டுவிடறேன்." அன்றிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறார். அந்த மலையில் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுதான், இவர் எந்த வளைவில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. வாட்ஸப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை, ஸ்டேட்டஸில் மட்டும் புதிதாகக் குனாஃபா படம்.

பார்ட்னரிடம் போனால், "அவரு பங்கைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்க, எங்களுக்கும் அவருக்கும் பேச்சே இல்லை." சரி, போன மனிதர் அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்துதானே வாங்கினார், உங்கள் நோட்டில்தானே எழுதினார் என்றால் பதில் இல்லை. இன்னொரு நாள் கொஞ்சம் இறங்கி வந்து, பத்தாயிரத்துக்கும் சாப்பிட்டே கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு தடவைக்கு ரூ.500 வரைக்கும்தானாம், சனி ஞாயிறு கிடையாதாம், பார்சலும் கிடையாதாம். என் பணத்துக்கு எனக்கே நிபந்தனை! அந்தப் பொட்டுக்கடலையை ரூ.500, ரூ.500 ஆக யார் தின்று தீர்ப்பது? நேற்று அதுவும் மாறிவிட்டது. "அப்படி யாருங்க சொன்னது?" என்கிறார்கள்.

வங்கியில் கேட்டேன். நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம், அனுப்ப நினைத்த ஆளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, தவறிப்போன பரிவர்த்தனை இல்லை, எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். அந்தக் கை எதற்காக க்யூஆர் மேல் வந்தது என்று இப்போது புரிகிறதா? கடைக் கணக்கில் விழுந்திருந்தால் கடை பதில் சொல்ல வேண்டும். தனி ஆள் கணக்கில் விழுந்தால் கடை "எங்களுக்கு வரல" என்கும், ஆள் மலையில் இருப்பார். பங்கு பிரிந்தார் என்பதும் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் பைக் நேற்றும் கடைக்குப் பின்னால் நின்றது.

வீட்டுக்கு வந்து பில்லை நிதானமாகப் பார்த்தால் அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. 14 இலக்க உரிம எண்ணைப் பில்லில் போட வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்தே கட்டாயம். அப்படியானால் வரி என்று வாங்கிய 760 ரூபாய் எங்கே போனது? அதையும் தனியாகக் கேட்கப் போகிறேன்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கதையே நீண்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். விருந்துக்கோ மண்டபத்துக்கோ முன்பணம் போட்டால் கடை பெயர் திரையில் வந்தால் மட்டும் போடுங்கள். "என் நம்பருக்கு" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். என்னென்ன உணவு, எத்தனை பேர், எவ்வளவு என்று அவர்கள் நோட்டில் எழுதினால் பத்தாது, அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். சேவைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போடப்போகிறேன். ரூ.10,000-க்காக இவ்வளவா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

இதே மாதிரி ஒரு லெபனான் கடையில், கல்லாவில் க்யூஆரைக் கையால் மறைத்த ஆளுக்குப் பணம் போட்டவர்கள் சேலத்தில் வேறு யாராவது இருந்தால், பில்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாமல் எனக்குச் சொல்லுங்கள், மனுவைச் சேர்ந்தே கொடுப்போம்.