கீழாநெல்லி யார் என்று யாரைக் கேட்பது?

நல்ல மழை பெய்து பத்து நாள் போனால் கொல்லையில் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். மஞ்சள் காமாலைக்குப் பறிக்க வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே செடி. தாவரவியலில் அப்படியில்லை. ஃபில்லாந்தஸ் அமாரஸ், டெபிலிஸ், யூரினேரியா என்று அச்சு அசலாக ஒன்றுபோலிருக்கும் இனங்கள் அக்கம்பக்கத்திலேயே முளைக்கும். செடியை அடையாளம் காட்டுவதாகச் சொல்லும் வழிகளை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கைபேசிதான். நின்றபடியே ஒரு படம் எடுத்தேன். ஒரு செயலி தொட்டாற்சிணுங்கி என்றது, இன்னொன்று புளியங்கன்று என்றது. சிரிப்பு வந்தாலும் பாதிக் குற்றம் என்னுடையது. இந்தச் செடியில் பூவும் காயும் இலைகள் வரிசைகட்டிய சிறுகிளைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும். பெயரிலேயே ‘கீழ்’ இருக்க, நான் மேலிருந்து எடுத்திருக்கிறேன்!

எல்லாச் செயலியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கூகுள் லென்ஸ் இணையத்தில் கிடக்கும் ஒத்த படங்களைத் தேடித் தருகிறது. அந்தப் படத்துக்கு எவரோ தப்பாகப் பெயர் வைத்திருந்தால் நமக்கும் அதே பெயர்தான். பிரான்சிலிருந்து வரும் பிளான்ட்நெட்டில் இலை, பூ, காய், பட்டை எனத் தனித்தனியாகப் படம் கொடுக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் பொருத்தம் எவ்வளவு என்றும் காட்டும். ஐநேச்சுரலிஸ்ட் (2008-இல் பெர்க்லியில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது) இயந்திரத்தோடு நிற்காமல் மனிதர்களிடமும் கேட்கிறது. பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’ என்ற முத்திரை. கைபேசிக்குள் என் ஓட்டு இதற்கே. இனம் தெரியாவிட்டால் பேரினத்தோடு (பெயரின் முதல் பாதி, இங்கே ஃபில்லாந்தஸ்) நின்றுகொள்ளும் அடக்கம் இதற்கு உண்டு. ஆனால் இயந்திரம் முதலில் நீட்டிய பெயருக்கே நாலு பேர் தலையாட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது.

அடுத்தது புத்தகத் திறவுகோல். இதுவா, அதுவா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே இறங்க வேண்டும். பூவிதழ் ஐந்தா, ஆறா? ஐந்தென்றால் அமாரஸ் பக்கம். ஆறென்றால் அடுத்த கேள்வி: காய் வழவழப்பா, சொரசொரப்பா? காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் சொரசொரப்பான காய் யூரினேரியாவுடையது. விதையைப் பார்த்தால் சந்தேகமே இல்லை: அமாரஸுக்கு நெடுக்குக் கோடு, யூரினேரியாவுக்குக் குறுக்குக் கோடு. விதையின் அளவோ ஒரு மில்லிமீட்டர்தான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இல்லாமல் ஆகாது. எந்தச் செயலியும் என்னை இந்த விதையைப் பார்க்க வைத்ததில்லை.

ஆனால் எந்தப் புத்தகம்? தாவரவியலாளர் காம்பிள் தொடங்கி, 1925-இல் அவர் இறந்தபின் ஃபிஷர் 1936-இல் முடித்த மதராஸ் மாகாணத் தாவரநூல் இன்றும் தென்னிந்தியாவுக்கு அடித்தளம். ஆனால் பெயர்கள் பழையவை. அந்தக் காலத்தில் ‘ஃபில்லாந்தஸ் நிருரி’ என்று எழுதியது அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேடர்னஸ் மூன்றும் கலந்த மூட்டை. உண்மையான நிருரி அமெரிக்கச் செடி. சமவெளிச் செடிகளுக்கு, திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து (உலர்த்திய செடிகளின் சேகரிப்பு) தாவரவியலாளர் மேத்யூ 1980களில் கொண்டுவந்த தொகுதிகளையே நான் முதலில் எடுப்பேன். கோட்டோவியங்களுக்குத் தனித் தொகுதியே உண்டு.

புத்தகத் திறவுகோலின் பெரிய தொல்லை, பூவில்லாத செடியிடம் பூவைக் கேட்டு நடுவழியில் நிறுத்திவிடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது மீட்டர் மரத்தடியில் நின்று இதழை எண்ண முடியுமா? அதற்காகவே பாஸ்கலும் ரமேஷும் 1987-இல் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியே இலை, பட்டை, மரப்பால் போன்றவற்றை வைத்தே மரங்களைப் பிரிக்கும் நூலை வெளியிட்டார்கள். பின்னாளில் அதே நிறுவனம் மரங்களுக்கான கணினித் திறவுகோலிலும் இறங்கியது. படத்தில் நமக்குத் தெரிந்த பாகத்தைத் தொட்டு எங்கிருந்தும் தொடங்கலாம், தெரியாததைத் தாண்டிப் போகலாம். காட்டு மரத்துக்கு இதுதான் சரி. கொல்லைச் செடிக்கு இது உதவாது.

என் வழக்கம் இப்போது இப்படி: கிளையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு படம், காய் அருகில் ஒரு படம், ஐநேச்சுரலிஸ்ட்டில் பேரினம் வரை, மிச்சத்துக்குக் கைலென்ஸும் மேத்யூவும். கிணற்றடியில் இருக்கும் செடி இன்னும் காய்க்கவில்லை. அதற்கு ‘ஃபில்லாந்தஸ்’ என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.