மொட்டை மாடி சோலார் வயருக்கு எந்தப் பைப்: பிவிசியா, ஜிஐயா, ஹெச்டிபிஇயா?

540 வாட் பேனல் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த ஒரே ஸ்ட்ரிங், சுமார் 3 கிலோவாட். பேனலிலிருந்து படிக்கட்டு அறை இன்வெர்ட்டர் வரை 12 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். வயரில் 250 முதல் 300 வோல்ட் டிசி நிற்கும். வீட்டு லைனில் வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பேனல் தரும் டிசி தொடாது. ஒருமுறை பொறி பிடித்தால் லேசில் அணையாது. வேலை முடியும் நேரத்தில் கடையில் கிடைத்த பைப்பை வாங்கிப் பொருத்துவது அதனால்தான் ஆபத்து.

பெரும்பாலான வீடுகளுக்குப் பிவிசி போதும். ஆனால் சுவருக்குள் புதைக்கிற லைட் ரகம் கூடாது. வெயிலில் அது மஞ்சளடித்து, சில வருடங்களில் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். ஹெவி ரகமாக, வெயில் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஐஎஸ் 9537 என்ற இந்தியத் தர முத்திரை பாருங்கள்.

பிவிசியின் பெரிய பலவீனம் நீளுவதுதான். விடிகாலைக்கும் உச்சிவெயிலுக்கும் பைப்பின் சூடு 40 டிகிரி மாறினால், 12 மீட்டர் பைப் 3 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இரும்புக்கு அதே கணக்கில் அரை சென்டிமீட்டர்தான். எல்லா மூட்டையும் பசை போட்டு இறுக்கினால் பைப் வில்லாக வளையும், இல்லையென்றால் பெண்ட் பிடுங்கிக்கொள்ளும். 6 மீட்டருக்கு ஒரு கப்ளரில் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் துண்டு) ஒரு பக்கம் பசை இல்லாமல் விடுங்கள். பைப்பைச் சுவரில் பிடிக்கும் சேடில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. பைப்பைத் தாங்கினால் போதும், நெரிக்க வேண்டாம்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பின் இடம் வேறு. மாடியில் ஆள் நடக்கும் பாதை, குரங்கு வரும் ஊர், அணிலும் எலியும் கடிக்கும் மூலை: இங்கெல்லாம் அதற்கு நிகரில்லை. ஆனால் வெட்டிய முனையை அரம் போட்டு மழுக்காமலோ, முனையில் புஷ் என்ற வளையம் மாட்டாமலோ வயரை இழுத்தால் உறை கிழியும். பைப்புக்கு எர்த் கட்டாயம். கடலோரத்தில் மரை வெட்டிய இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். அங்கே ஜிங்க் பெயின்ட் அடிக்காமல் விடக்கூடாது. ஏசி லைனையும் ஜிஐயில் கொண்டுபோனால் பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் போகட்டும். பிரித்தால் பைப்பே சூடேறும்.

கறுப்பு ஹெச்டிபிஇ (கெட்டியான பாலித்தீன் பைப்) வெயிலுக்கு அசராது, சுருளாக வருவதால் மூட்டும் குறைவு. கார் ஷெட் கூரையிலிருந்து வீட்டுக்கு மண்ணுக்கடியில் கொண்டுபோக இதுதான் சரி. சுவரில் ஓட்டினால் பிவிசியைவிட இரண்டு மடங்கு நீண்டு தொய்யும். தீப்பிடித்தால் எரியும், பிவிசி தானே அணைந்துவிடும். ஆகவே வீட்டுக்குள் இது வேண்டாம்.

நெளிநெளியான ஃபிளெக்சிபிள் பைப்? பேனல் சட்டத்திலிருந்து கெட்டிப் பைப் வரை கடைசி ஒரு அடிக்கு மட்டும். மொத்த ஓட்டத்தையும் இதிலேயே முடித்துக் கொடுப்பவர் உங்கள் பணத்தில் தன் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார். அந்த ஒரு அடிக்கும் சாதாரண பிவிசி நெளிவு வேண்டாம், வெயில் தாங்கும் நைலான் வாங்குங்கள்.

அளவு எளிது. 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளின் வெளிவிட்டம் 5 முதல் 6 மில்லிமீட்டர். ஒரு ஸ்ட்ரிங்குக்கு 20 மில்லிமீட்டர் பைப் கொள்ளும். ஆனாலும் 25 போடுங்கள், நாளைக்கு இன்னொரு ஸ்ட்ரிங் சேர்த்தாலும் இழுக்கலாம். பேனல் வயர்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டர் பைப்புக்குள் போகக் கூடாது: முதலில் வயரை இழுத்துவிட்டு, பிறகு கனெக்டரை கிரிம்ப் செய்ய (அழுத்திப் பொருத்த) வேண்டும்.

எந்தப் பைப்பானாலும் பெரிய எதிரி தண்ணீர். மழை உள்ளே வராவிட்டாலும் ராத்திரிக் குளிரில் உள்ளேயே வியர்க்கும். கிழிந்த உறையும் தேங்கிய நீரும் சேர்ந்தால், காலையில் இன்வெர்ட்டர் ஐசோலேஷன் ஃபால்ட் (மின்கசிவு எச்சரிக்கை) காட்டி நிற்கும். வெயில் ஏறிக் காய்ந்ததும் தானே ஓடும், அதனால் காரணம் பிடிபடாது. மேல் வாயைக் கீழ்நோக்கி வளையுங்கள். தாழ்வான இடத்தில் 5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இன்வெர்ட்டருக்குள் வயரை அடிப்பக்கமாக, தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியே நுழையுங்கள். தட்டோட்டின் மேல் பைப்பைக் கிடத்தாமல் சிமென்ட் கட்டைமேல் தூக்கி வையுங்கள்.

டிசிக்கும் ஏசிக்கும் தனித்தனிப் பைப். இடிதாங்கியின் இறங்கு கம்பி இரண்டோடும் சேராமல், வெளிச்சுவரில் தன் வழியே இறங்கட்டும்.