நைஸ் 19: நாலு வருஷப் பழக்கம்

என் லேப்டாப்பில் இருப்பது நாலே கோர். எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு வீடியோவை மாற்றப் போட்டால், பிரவுசரில் டேப் திறக்கவே திணறும். அதனால் கனமான கட்டளை எதுவானாலும் முன்னால் 'நைஸ் -என் 19' சேர்த்துவிடுவேன். சிபியு நேரத்தில் ஒரு புரோகிராமுக்கு எவ்வளவு முன்னுரிமை என்று சொல்லும் லினக்ஸ் கட்டளைதான் நைஸ். நாலு வருஷமாக இதுதான் வழக்கம்.

எண் ஏற ஏற அந்த புரோகிராம் மற்றவற்றுக்கு வழிவிடும். -20 முதல் 19 வரை உண்டு. நைஸ் போட்டு எண் கொடுக்காவிட்டால் 10, நைஸே போடாவிட்டால் 0. 0-ல் ஓடும் வேலைக்கு லினக்ஸ் கர்னல் 1024 எடை தருகிறது, 19-க்கு வெறும் 15. இரண்டும் ஒரே கோருக்கு முட்டிக்கொண்டால் பிந்தையதற்கு நூற்றில் ஒன்றரைப் பங்குதான். போட்டிக்கு ஆளில்லையா, முழு கோரும் அதற்கே. ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாப்பில் 100 சதவீதம் காட்டியதையும் ஃபேன் இரைந்ததையும் பார்த்து, நைஸ் வேலை செய்யவில்லை என்றே முதலில் நினைத்தேன்.

உண்மையில் ஏமாந்தது பேக்கப்பில். ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டாரின் வெளியீட்டை பைப் வழியாக, அதைச் சுருக்கும் எக்ஸ்இசட்டுக்கு அனுப்பி, முன்னால் நைஸ் போட்டிருந்தேன். மெஷின் அசையவில்லை. டாப்பில் நைஸ் எண்ணைக் காட்டும் என்ஐ பத்தியைப் பார்த்தால் டாருக்கு 19, எக்ஸ்இசட்டுக்கு 0! நைஸ் பைப்புக்கு இந்தப் பக்கம் இருப்பதோடு சரி; மாடாய் உழைப்பதோ அந்தப் பக்கம் இருப்பது. இப்போது 'நைஸ் -என் 19 பாஷ்' என்று ஒரு ஷெல்லைத் திறந்து அதற்குள்ளேயே எல்லாம் ஓட்டுகிறேன். அதிலிருந்து கிளம்பும் புரோகிராம்களுக்கும் அதே எண் வந்துவிடும்.

அப்புறம் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) இல்லாத ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு மாறினேன். 19 போட்டும் பிரவுசர் திக்கியது. காரணம், 2.6.38 கர்னலில் வந்த ஆட்டோகுரூப். அது ஒவ்வொரு செஷனையும் (ஒரு டெர்மினல் ஜன்னல் போல) ஒரு குழுவாக்கிக் குழுக்களுக்குச் சமமாகப் பங்கு வைக்கிறது. நைஸ் எண் அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் செல்லும். கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் ஆட்டோகுரூப்பை 0 ஆக்கி அணைத்த பிறகுதான் பழைய சுகம் திரும்பியது. டெஸ்க்டாப்புக்கு நல்லது என்று கொண்டுவந்தது, எனக்கு இடைஞ்சல்.

பழைய ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுக்கும்போது நைஸ் மட்டும் போதாது. டிஸ்குக்கான நைஸ் போன்ற அயோநைஸில் -சி3 சேர்க்கிறேன்; டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் அந்த வேலை நடக்கும். ரேம் நிரம்பி ஸ்வாப்புக்கு (ரேமுக்குப் பதில் டிஸ்கில் ஒதுக்கிய இடம்) போய்விட்டால் இரண்டுமே கைகொடுக்காது.

ஒரு குறை மட்டும் இன்னும் உறுத்துகிறது. 19-ல் விட்ட வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஓடும் புரோகிராமின் எண்ணை மாற்றும் ரீநைஸில் 0-க்குக் கொண்டுவரப் பார்த்தால், அனுமதி இல்லை என்கிறது. என் புரோகிராம்தான், நான் போட்ட எண்தான். ஆனாலும் சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி, கேட்கிறது.