இடப்பக்கக் குடல்வால்: அல்ட்ராசவுண்டா, சிடியா?

கருவில் குடல் 270 டிகிரி சுழன்று அமர வேண்டும். அது பாதியில் நின்றவர்களுக்கு, வழக்கமாக வலது அடிவயிற்றில் இருக்கும் குடல்வால் (அப்பென்டிக்ஸ்) இடப்பக்கமே தங்கிவிடலாம். அது வீங்கினால் எந்த ஸ்கேன் எடுப்பது?

செலவு: அல்ட்ராசவுண்ட் குறைவு, சிடி அதிகம்.

கதிர்வீச்சு: அல்ட்ராசவுண்டில் இல்லை, சிடியில் உண்டு.

கண்டுபிடிப்பது: இங்கேதான் பெரிய வித்தியாசம். அல்ட்ராசவுண்ட், கருவி வைத்த இடத்தைத்தான் காட்டும். வலது அடிவயிற்றில் மட்டும் தேடிவிட்டு ‘குடல்வால் தெரியவில்லை’ என்று எழுதினால், நோய் இல்லை என்று அர்த்தமில்லை. குடல் வாயுவும் மறைக்கும். சிடியில் முழு வயிறும் தெரியும்: இடப்பக்கம் ஒதுங்கிய பெருங்குடல், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த குடல்வால், சுற்றிலும் கலங்கிய கொழுப்பு.

கர்ப்பிணிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், தெளிவில்லையென்றால் எம்ஆர்ஐ. மற்ற பெரியவர்களுக்குக் குடல் அமைப்பில் சந்தேகம் இருந்தால் சிடிதான் என் பரிந்துரை. பழைய ரிப்போர்ட்டில் ‘மால்ரொட்டேஷன்’ (குடல் சரியாகச் சுழலாதது) என்றிருந்தால், வலி வந்ததும் அதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.