கோர்தோபா மெஸ்கீத்தா: காலையிலேயே போய்விடுங்கள்

தென் ஸ்பெயினில் இருக்கும் கோர்தோபா, செவில்லா நகரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். முந்தின இரவே வந்து தங்கியதால் காலை எட்டரைக்கெல்லாம் மெஸ்கீத்தாவுக்குள் இருந்தோம்.

அன்று கோர்தோபாவை ஆண்ட முஸ்லிம் அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் 780-களில் தொடங்கிய மசூதி. மொத்தம் 856 தூண்கள். பல பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்தவை, அதனால் நிறமும் உச்சி வேலைப்பாடும் ஆளுக்கொரு மாதிரி. தூண்கள் குட்டை, கூரையை உயர்த்த வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு, சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி. அண்ணாந்தே நடந்து ஒரு ஜெர்மன் தாத்தாமீது மோதினேன். நடுவில் கிறிஸ்தவ ஆட்சி வந்தபின் 16-ஆம் நூற்றாண்டில் நுழைத்த தேவாலயம் தனியாகப் பார்த்தால் அழகு. அந்த இடத்தில் எனக்கு ஒட்டவில்லை.

அப்புறம் சாப்பாடு. சல்மொரேஹோ என்பது தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த கெட்டியான குளிர் சூப். இறைச்சி வேண்டாம் என்று சொல்லியும் சந்துக்கடை ஒன்றில் ஹாம் (உப்பிட்ட பன்றி இறைச்சி) தூவித் தந்தார்கள். அவர்களுக்கு ஹாம் இறைச்சிக் கணக்கில் வராது போல! மாற்றித் தந்தார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு. கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல்தான் காப்பாற்றியது; இரண்டு தட்டு வாங்கினோம்.

மே மாதம் போனால் பூந்தொட்டி முற்றங்களின் திருவிழாவும் கிடைக்கும். விடுதியை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.