253 யூரோ 50 சென்ட்: ஏதென்ஸில் மீன் சாப்பிடும் முன் இதைப் படியுங்கள்

நேற்று முன்தினம் இரவு ஏதென்ஸில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 253 யூரோ 50 சென்ட் கொடுத்துவிட்டு வந்தோம், நானும் அம்மாவும். இரண்டே பேர். மது இல்லை, இனிப்பு இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில், பிளாக்கா பகுதியில் புதிதாகத் திறந்த தவெர்னா (கிரேக்கப் பாணி உணவகம்) அது. பெயரை எழுதப் போவதில்லை. வாசலில் ஐஸ் மேல் மீன் அடுக்கியிருக்கும், பக்கத்தில் ஒருவர் நின்று போகிறவர் வருகிறவரை அழைப்பார், அந்த வகைக் கடை.

அம்மா எந்த ஊரிலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டார். அங்கேயும் கையை நீட்டினார். அந்தப் பணியாளர் சிரித்துக்கொண்டே தானே செவுளை விரித்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. ஃபக்ரி என்றார், நம் சங்கராவைப் போலச் செந்நிற மீன், விடியற்காலையில் படகிலிருந்து இறங்கியதாம். வால் நுனியில் சிறிய கிழிசல் இருந்ததைக்கூட அம்மா கவனித்தார். "உங்கள் மகன் பரிமாறுகிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லி, அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். விலை கேட்டேன். பட்டியலில் 9.50 என்ற எண்ணைக் காட்டினார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் '100 கிராமுக்கு' என்று இருந்த வரியின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

கிரேக்கத்தில் பெரிய மீனைக் கிலோக் கணக்கில் விற்பதும், நாம் தேர்ந்தெடுத்த மீனை நம் முன்னாலேயே தராசில் வைத்துத் தொகையைச் சொல்லிவிட்டு அடுப்புக்குக் கொண்டுபோவதும் வழக்கம். இது எனக்குத் தெரியும், படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் அவர் மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தபோது 'எடை போடுங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. மகன் என்று சொன்னவரிடம் தராசைக் கேட்பது அவமரியாதையாகத் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கேட்காமலே ஒரு தட்டு வந்தது. ஆலிவ், கத்திரிக்காய் மசியல், கொஞ்சம் ஃபேட்டா பாலாடைக்கட்டி. அங்கே சாப்பாட்டின் முடிவில் பழமோ இனிப்போ இலவசமாகத் தருவது உண்டு. அதைப் போல இதுவும் உபசாரம் என்று எண்ணினேன். பிறகு மீன் வந்தது. தலை இல்லை, வால் இல்லை, துண்டங்களாக. ஒரு வாய் வைத்ததும் அம்மா சொன்னார், "இது நாம் பார்த்த மீன் இல்லையடி. பஞ்சு மாதிரி இருக்கிறது, பல நாள் உறைந்து கிடந்தது." நான், "பேசாமல் சாப்பிடுங்கள் அம்மா" என்றேன்.

பில் இப்படி இருந்தது: மீன் 2 கிலோ 100 கிராம், 199 யூரோ 50 சென்ட். அந்த 'உபசார' தட்டு 24. சாலட் 16. தண்ணீர் இரண்டு பாட்டில் 8. ரொட்டிக்குத் தலைக்கு 3. மொத்தம் 253.50.

உரிமையாளர் என்று ஒருவர் வந்தார். குடலும் செதிலும் நீக்குவதற்கு முன்னால் போட்ட எடை என்றார். வழக்கம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கிலோ மீனைச் சுத்தம் செய்து சுட்டாலும் ஒரு தாம்பாளம் நிறையும். எங்களுக்கு வந்ததைத் தின்றுவிட்டு இன்னும் பசித்தது. தலை எங்கே என்றேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார். அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை என்று சொல்லி, தெருமுனை ஏடிஎம் வரை ஒரு பையனை என்னோடு அனுப்பினார். ரசீது கேட்டதற்குக் கையால் கிறுக்கிய துண்டுத்தாள் கிடைத்தது.

அறைக்கு வந்து, கைப்பேசியில் எடுத்திருந்த உணவுப் பட்டியலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், சட்டப்படியான ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர் என்று அச்சிட்டிருந்தது. கிரேக்கச் சட்டமே அப்படித்தான். அவர்கள் பட்டியலிலேயே இருந்திருக்கிறது, 253 யூரோ 50 சென்ட்டை எண்ணிக் கொடுத்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

மறுநாள் மதியம் திரும்பிப் போனோம். உரிமையாளர் தீவுக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வருவார் என்றார்கள். நாங்கள் இருக்கப்போவது இன்னும் ஒரே நாள் என்று தெரிந்துதான் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து ஐஸ் பெட்டியைக் காட்டினார். வால் நுனி கிழிந்த அதே ஃபக்ரி அங்கே படுத்திருந்தது. 'மகன்' எங்களை அடையாளமே தெரியாததுபோல வேறு யாருக்கோ செவுளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொலைபேசியில் அழைத்தேன். ஆங்கிலம் தெரியாது என்று வைத்துவிட்டார்கள். முந்தின இரவு நன்றாகவே தெரிந்திருந்தது. இந்தக் கடையை எனக்குக் காட்டிய உணவகப் பட்டியல் தளத்துக்கு எழுதினேன். 'விலை விவரங்களில் எங்களுக்குப் பங்கில்லை, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று இரண்டு வரி வந்தது. நுகர்வோர் உதவி எண் 1520 என்று விடுதியில் சொன்னார்கள். அழைத்தேன். முதல் கேள்வியே ரசீதைப் பற்றித்தான். என்னிடம் இருப்பது துண்டுத்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. மீனைக் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள், தொகையை எழுதி வாங்குங்கள். கேட்காமல் வந்த தட்டைத் தொடாதீர்கள். பட்டியலில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைந்த பொருள், அடிக்குறிப்பைப் படியுங்கள். அச்சிட்ட ரசீது வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.

இந்நேரம் அங்கே விளக்கேற்றியிருப்பார்கள். பிளாக்காவில் இன்றிரவு யாராவது இருந்தால், நீல நாற்காலி போட்ட புதுக்கடை வாசலில் வால் கிழிந்த சிவப்பு மீனைக் காட்டி உங்களை அழைத்தால், நிற்காமல் நடந்துவிடுங்கள்.